எலுவியாக்கா வீட்டுக் கதவு

எலுவியாக்காவோடு ஒரு பேச்சைப் பேசி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும். அவ்வளவு நிதானம். ஒரு வார்த்தை சொல்வாள், நிறுத்துவாள், நமக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் அடுத்த வார்த்தை. "இன்னைக்கு... ரொம்ப... குளிருது... இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கியும் காட்டுவாள்.

நான் பக்கத்து வீடு. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மலைமேல் இருக்கிற இதே ஷேலா ஊரில்தான். அவளுக்கு அடிக்கிற குளிர்தான் எனக்கும் அடிக்கிறது. எனக்கு எதுக்கு நடித்துக் காட்ட வேண்டும்?

"எக்கா, நான் ஒடிலியா. வெள்ளைக்காரி இல்ல. சாதாரணமா பேசித் தொலை."

"சாதாரணமாத்தானேடி... பேசுறேன்," என்பாள். அதையும் நிறுத்தி நிறுத்தித்தான்.

எல்லாம் இந்தப் பள்ளிக்கூடம் செய்த வேலை. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு, வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் ஸ்பானிஷைச் சொல்லிக்கொடுக்க. காலையில் முற்றத்தில் குட்டி மேஜை போட்டு ஒரு வாத்தியார், ஒரு மாணவர், முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து மத்தியானம் வரை பேச்சு. அது என் பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் அவர்கள் ஒரு வீட்டில் தங்கி, அங்கேயே தின்று, அங்கேயே தூங்கி, அந்த வீட்டுப் பேச்சைக் காதில் வாங்கிக் கற்றுக்கொள்ள வேண்டும். அது எலுவியாக்காவின் பிழைப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக அவள் வீட்டில் யாராவது ஒரு வெளிநாட்டான் பீன்ஸ் தின்றுகொண்டு, தனக்கு எத்தனை அண்ணன் தம்பி என்று தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். போனால் அடுத்தவன்.

எல்லாரும் அவளை ரெண்டாம் நாளே "அம்மா" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிடச் சொல்லி அனுப்புவோம். "எந்த மகராசியும் இத்தனை பெத்திருக்க மாட்டா," என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள்.

அவர்கள் ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா சொன்னே. இன்னொரு தரம், நிதானமா." அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு நாள் காஸ் சிலிண்டர் போட வந்தவன், விலை ஏறிப்போச்சு என்று சொன்னான். "நல்லா சொன்னே. இன்னொரு தரம், நிதானமா," என்றாள். தன்னைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு என் வீட்டு அடுப்பில்தான் அவள் சமைத்தாள்.

முன்பெல்லாம் இவள் இப்படி இல்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில் எலுவியாக்கா வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். பஸ் டிரைவர் புருஷன் ஓடிப்போன அன்றைக்கு வாசலில் நின்று அவன் ஏழு தலைமுறையையும் இழுத்தாள் பாருங்கள், நாய்கூட எழுந்து போய்விட்டது. ஒரே மகன், நெஃப்தாலி. அவனும் பத்தொன்பது வயதில் எல்லாரையும் போல வடக்கே போனான். பாலைவனம் தாண்டி, எல்லை தாண்டி, ஏதோ ஒரு பனி பெய்கிற ஊரில் மாடு அறுக்கிற ஆலையில் வேலை. அவன் படுத்த அறை காலியாகக் கிடந்தது. அதைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாள்.

போனவனுக்கு அங்கே தங்க அனுமதிக் காகிதம் கிடையாது, அதனால் திரும்பி வர முடியாது. வந்தால் மறுபடி போக முடியாது. ஆனால் வருஷம் தவறாமல் மே பத்தாம் தேதி, எங்கள் ஊர் அன்னையர் தினத்தன்று, போன் பண்ணிவிடுவான். கிறிஸ்துமஸுக்கும் பண்ணுவான். "யாரோ ஒரு பொம்பளையோட குடித்தனமாம்டி. அவ பாஷையில பேசியே இவனுக்கு அந்தப் பாஷை வந்துருச்சாம்," என்று ஒரு தடவை சொன்னாள். "அவளுக்கு நம்ம பாஷை வருமா?" என்று கேட்டேன். "எங்கே! இவன்தான் சொல்லிக்குடுக்கலையாம்."

இரண்டு வருஷமாக அந்தப் போன் வரவில்லை.

அது நின்ற குளிர்காலத்தில் ஒரு நாள் வேறொரு போன் வந்தது. நான் அப்போது அவள் அடுக்களையில்தான் இருந்தேன். எடுத்தாள், கேட்டாள், ரொம்ப நேரம் கேட்டாள், வைத்துவிட்டாள்.

"யாருக்கா?"

"யாரோ வெள்ளைக்காரி. அழுதா. என்னமோ சொன்னா. புரியல."

"பழைய ஸ்டூடண்டா இருக்குமோ?"

"இருக்கும்," என்றாள். பீன்ஸைக் கிளறினாள்.

அதற்குப் பிறகுதான் அவள் பேச்சு முழுக்கவே பாடப்புத்தகம் ஆனது. என்னோடும் அப்படித்தான், கடைக்காரனோடும் அப்படித்தான். வானிலை, சாப்பாடு, நேற்று என்ன செய்தாய், நாளை என்ன செய்வாய். மகன் எப்படி என்று யாராவது கேட்டால், "வேலை... ஜாஸ்தி," என்பாள். அழுகை இல்லை, கோபம் இல்லை, கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவதுகூட நின்றுபோனது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கத்தேன்க்கா ஒரு தடவை! பழையபடி வாசல்ல நின்னு கத்தேன்!" என்று நான் கத்துவேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "நீ... கோபமா... இருக்கே," என்பாள், மாணவனுக்குப் படம் காட்டுவதைப் போல.

இனி அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெஃப்தாலியின் அறைக்கதவு பழைய மரம். மேல் கீல் தொய்ந்து கதவு தரையில் உட்கார்ந்துவிட்டது. சும்மா தள்ளினால் அசையாது. கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, முட்டியால் ஒரு தள்ளு தள்ள வேண்டும். அப்போதுதான் மூடும். தச்சன் எத்தனையோ தடவை வந்து கேட்டான். அவள் விடவில்லை. "அவன் வந்து சரி பண்ணிக்குவான்," என்று முதலில் சொன்னாள். அப்புறம் காரணம் எதுவும் சொல்வதில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து இறங்குகிற ஒவ்வொரு வெளிநாட்டுக்காரருக்கும் அவள் வீட்டில் முதல் பாடம் அந்தக் கதவுதான். கதவுக்கு முன்னால் நிற்க வைத்து, "தூக்கு... தள்ளு... தூக்கு... தள்ளு," என்று சொல்லிச் செய்துகாட்டுவாள். திங்கட்கிழமை காலையில் என் மேஜைக்கு வருகிறவர்களுக்கு, தண்ணீர் கேட்கத் தெரியாது, கக்கூஸ் எங்கே என்று கேட்கத் தெரியாது, ஆனால் தூக்கு, தள்ளு மட்டும் சுத்தமாகத் தெரியும். "ஓ, எலுவியாக்கா வீடா!" என்று பள்ளிக்கூடமே சிரிக்கும்.

வெர்னா வந்தது மழைக்காலம் முடிகிற சமயம். நாற்பத்தைந்து வயது இருக்கும், கனத்த உடம்பு, கை இரண்டும் ஆம்பளைக் கை மாதிரி தடித்து வெடித்திருந்தது. எங்களிடம் வருவதெல்லாம் முதுகில் பை மாட்டிய சின்னஞ்சிறுசுகள்தான். இவள் வேறு ரகம். இந்த வீடுதான் வேண்டும் என்று அவள் முன்கூட்டியே கேட்டிருந்ததாக ஆபீஸில் சொன்னார்கள். யாரோ பழைய ஸ்டூடண்ட் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முட்டிக்கு முட்டி உட்கார்ந்ததும் நான் வழக்கமான வேடிக்கையை ஆரம்பித்தேன். எழுந்து நின்று, கதவைத் தூக்குவது போலக் காட்டி, "இது என்ன, சொல்லு?" என்றேன்.

விழித்தாள்.

"தூக்கு! தள்ளு! எலுவியாம்மா சொல்லிக்குடுக்கலையா?"

இல்லையென்று தலையாட்டினாள். எனக்கு ஆச்சரியம். சாயங்காலம் வேலியோரம் நின்று, "என்னக்கா, கதவை ரிப்பேர் பண்ணிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல," என்றாள் எலுவியாக்கா. துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"அப்ப அவளுக்கு முதல் பாடம் எடுக்கலையே?"

"மறந்துட்டேன்."

எலுவியாக்காவாவது, மறக்கிறதாவது. ஆனால் எனக்கு அடுப்பில் வேலை இருந்தது, போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை வெர்னா ஒரு போட்டோவோடு வந்தாள். மேஜைமேல் வைத்தாள். வெள்ளை ரப்பர் பூட்ஸ், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு ஆள். பக்கத்தில் இவள், அதே வேஷத்தில். ஆளுக்குத் தொப்பை போட்டிருந்தது, மீசை நரைத்திருந்தது. ஆனால் அந்தக் காது! விரித்து வைத்த அந்தக் காதைத் திருகித்தான் என் வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து எத்தனை தடவை இறக்கியிருக்கிறேன்.

"நெஃப்தாலி," என்றேன்.

"நெஃப்தாலி," என்றாள் அவள். தன் மார்பைத் தொட்டு, "புருஷன்." அப்புறம் கையைத் தரைக்கு நேரே நீட்டி, மண்ணைக் காட்டினாள். "இல்ல. இனி இல்ல."

முற்றத்தில் மற்ற மேஜைகளில் எல்லாரும் மணி என்ன, பஸ் எத்தனைக்கு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது அடைத்துப்போனது. அழ வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவள் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவினாள். சீவி முடித்துவிட்டு, தான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்: "டீச்சர். நான் அவங்ககிட்ட சொல்லணும். நீங்க கத்துக்குடுங்க."

"நான் சொல்றேன்மா," என்றேன் உடனே. "நான் பக்கத்து வீடு. இன்னைக்கே சொல்றேன். உனக்கு எதுக்கு இந்தக் கண்றாவி?"

"இல்ல. நான்."

"பாவி மனுஷி! அவ அங்க அவன் இருக்கான்னு நினைச்சிக்கிட்டு உனக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கா. உனக்குப் பேச வர்ற வரைக்கும் நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?"

பாதி புரிந்திருக்காது, ஆனால் கோபம் புரிந்தது. அவள் டிக்ஷனரியைப் பிரித்து, விரலை வைத்து வைத்து வார்த்தைகளைப் பொறுக்கினாள். "போன். நான் பேசினேன். நான் அழுதேன். அவங்க புரியல. அவர் என் பாஷை கத்துக்கிட்டார். எனக்காக. நான் அவர் பாஷை கத்துக்கல. ஒண்ணும் இல்ல. இப்ப கத்துக்குறேன்." பிறகு டிக்ஷனரியை மூடிவிட்டு, "நான்," என்றாள் மறுபடி.

அன்றைக்குப் போனில் அழுத வெள்ளைக்காரி இவள்தான். என்ன செய்ய? ஆரம்பித்தேன்.

சாவுச் செய்தியைப் பாடமாக எடுத்த வாத்திச்சி இந்த ஷேலாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எந்த வார்த்தை போடுவது என்றே எங்களுக்குள் சண்டை. 'காலமானார்' என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் டிக்ஷனரியைப் பார்த்துவிட்டு, வேண்டாம், நேராகச் சொல்வது எது என்று கேட்டாள். 'செத்துட்டார்' என்றேன். அதை எடுத்துக்கொண்டாள். ரோட்டில் பனி. வண்டி சறுக்கியது. அதெல்லாம் எளிதாக வந்தது.

"அவர் கஷ்டப்படல," என்று ஒன்றையும் அவளே தயார் செய்து கொண்டுவந்து, சரியா என்று கேட்டாள்.

"நிஜமாவா? கஷ்டப்படலையா?"

வெர்னா என்னையே பார்த்தாள். "ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. ரொம்ப கஷ்டம்." பிறகு, "அது வேணாம். இதைக் கத்துக்குடுங்க," என்றாள்.

கற்றுக்கொடுத்தேன். காலை முழுக்க நான் எலுவியாக்காவாக உட்கார்ந்திருப்பேன், அவள் என்னிடம் சொல்வாள். என் முகத்துக்கு நேராக. முதல் நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நாளில் பழகிவிட்டது. வார்த்தை விழுந்தால் எடுத்துக்கொடுத்தேன், விழாவிட்டால் தலையாட்டினேன். இப்படியும் ஒரு மனுஷிக்கு மரத்துப்போகுமா என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் எலுவியாக்கா வேலியோரம் நின்று "இன்னைக்கு... என்ன பாடம்?" என்று கேட்பாள். "சந்தையில காய்கறி வாங்குறது," என்பேன்.

அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வழக்கமான கேள்விகள் நடந்தன. எனக்கு ஜன்னல் வழியே கேட்கும்.

"உனக்கு... கல்யாணம்... ஆயிருச்சா?"

"ஆச்சு."

"வீட்டுக்காரர்... எங்கே?"

"பனி ஊர்ல இருக்கார்."

"நல்லா சொன்னே," என்பாள் எலுவியாக்கா. அதோடு நிறுத்திக்கொள்வாள். இன்னொரு தரம் என்று சொல்ல மாட்டாள். அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மற்றவர்களைப் போல வெர்னா அவளை அம்மா என்று கூப்பிடவும் இல்லை. "எலுவியா" என்றுதான்.

ஒரு வாரத்துக்கு என்று வந்தவள் இரண்டாம் வாரம் இருந்தாள், மூன்றாம் வாரமும் இருந்தாள். பாடம் எப்போதோ மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் அவன் அம்மா திருப்பி ஏதாவது கேட்டால் புரிய வேண்டுமே, பதில் சொல்ல வேண்டுமே என்று அவளுக்குப் பயம். நான் விரட்டினேன். நெருக்கினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு திரிய எனக்கு முடியவில்லை.

ஒரு சாயங்காலம் எலுவியாக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டாள். சும்மா வரவில்லை, இனிப்பு ரொட்டி ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். பையை என் பக்கம் தள்ளிவிட்டு, "அந்தப் பொம்பளைக்கு... ஏன்டி இவ்வளவு வேகமா... சொல்லிக்குடுக்குறே?" என்றாள்.

"வேகமா? நானா? அவ கத்துக்கத்தானே வந்திருக்கா!"

"மெதுவா... சொல்லிக்குடு."

"காசு குடுத்து வர்றவக்கா."

"மெதுவாடி," என்றாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது. "பழங்கள் பேரு... சொல்லிக்குடு. நிறம்... சொல்லிக்குடு. எவ்வளவோ... இருக்கில்ல?"

வாடகைக்கு ஆள் இருக்கட்டும் என்று நினைக்கிறாளாக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வியாழக்கிழமை வெர்னா பாடம் முடிந்து எழுந்திருக்கும்போது, "இன்னைக்கு. நீங்களும் வாங்க," என்றாள்.

வியாழக்கிழமை ராச்சாப்பாடு என்றால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் பாச்சேதான். உருளைக்கிழங்கை மசித்து, காரம் சேர்த்து, நடுவில் ஒரு துண்டுக் கறி வைத்து, இலையில் மடித்து அவித்திருப்பார்கள். பாச்சே விற்கிறோம் என்பதற்கு அடையாளமாக வாசலில் சிவப்பு விளக்கு போட்ட வீட்டில் போய் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்கிற நேரத்துக்கே போய் உட்கார்ந்தேன். எலுவியாக்கா மூன்று தட்டு வைத்தாள். இலையைப் பிரித்தோம். ஆவி பறந்தது.

"இன்னைக்கு... நீ... என்ன படிச்சே?" என்று கேட்டாள் எலுவியாக்கா, எல்லா நாளும் கேட்பதைப் போல.

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தாள், என் மேஜையில் உட்காருவதைப் போல.

"உங்க மகன் நெஃப்தாலி செத்துட்டார். ரெண்டு வருஷம் ஆச்சு. ரோட்டுல பனி. வண்டி சறுக்கிருச்சு. அவர் கஷ்டப்படல. நான் அவர் சம்சாரம்."

ஒரு வார்த்தை விழவில்லை. ஒரு எழுத்து பிசகவில்லை. என்னிடம் படித்த எவனும் இவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை.

எலுவியாக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நல்லா சொன்னே," என்றாள். "இன்னொரு தரம். நிதானமா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எக்கா!" என்றேன். அவள் காதில் அது விழவில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. இருபது வருஷமாக அந்த மேஜையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சொன்னதை இதற்கும் சொல்லிவிட்டது. வெர்னா பாவம், அவளுக்கு என்ன தெரியும்? கேட்டார்கள் என்று மறுபடியும் சொன்னாள். இன்னும் நிதானமாக. உங்க மகன். நெஃப்தாலி. செத்துட்டார்.

எலுவியாக்கா தலையாட்டினாள். "சாப்பிடுங்க... ஆறிரும்," என்றாள். நாங்கள் சாப்பிட்டோம். ஆமாம், சாப்பிட்டோம். வேறு என்ன செய்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

பாத்திரம் கழுவும்போது நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அழேன்க்கா. என்னைத் திட்டு. எனக்கு மூணு வாரமாத் தெரியும், சொல்லல. என் மூஞ்சில துப்பு."

"எனக்கும் மூணு வாரமாத் தெரியும்டி," என்றாள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நிறுத்தாமல் ஒரே மூச்சில் அவள் சொன்ன வாக்கியம் அது. நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை பெட்டியோட வந்தா. நான் கதவைக் காட்டிக்குடுக்கப் போனேன். அதுக்குள்ள அவளே கைப்பிடியைத் தூக்கி, முட்டியால தள்ளி மூடிட்டா. யாரு சொல்லியிருப்பா அவளுக்கு?" ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "சொன்னவன் அவகூட வரல. அவ மட்டும் வந்திருக்கா. இதுக்கு மேல என்ன தெரியணும்?"

"அப்புறம் ஏன்க்கா கேக்கல? ஏன் மெதுவாச் சொல்லிக்குடுன்னு என்கிட்ட வந்து..."

"அவளுக்குப் பேச்சு வராத வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகலையேடி," என்றாள் எலுவியாக்கா.

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கண்கூடக் கலங்கவில்லை. குழாயை மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மறுநாளே பங்குச் சாமியாரிடம் சொல்லி, செத்தவனுக்கான நவநாள் ஜெபம் ஏற்பாடாயிற்று. உடம்பு இல்லை, பெட்டி இல்லை, போட்டோதான். வெள்ளைத் தொப்பி போட்ட அந்தப் போட்டோவைப் பூவுக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் வைத்தோம். ஒன்பது நாளும் பொழுது சாய்கிற நேரத்தில் தெரு முழுக்க வந்தது. செபமாலை சொல்லி, காப்பியும் ரொட்டியும் சாப்பிட்டுப் போவார்கள். வருகிற ஒவ்வொருத்தரும் வாசலிலேயே எலுவியாக்காவைக் கட்டிப்பிடித்துக் கேட்பார்கள்: "என்ன எலுவியா இது? என்னம்மா ஆச்சு?"

அவள் வாய் திறக்க மாட்டாள். வெர்னாவைக் கைகாட்டுவாள். "அவ... சொல்லுவா."

வெர்னா எழுந்து நின்று சொல்வாள். ரோட்டுல பனி. வண்டி சறுக்கிருச்சு. அவர் கஷ்டப்படல. கடைக்காரிக்குச் சொன்னாள், தச்சனுக்குச் சொன்னாள், காஸ்காரனுக்கும் சொன்னாள். "அடேயப்பா, வெள்ளைக்காரி என்னமா பேசுறா நம்ம பாஷையை!" என்று சாவு வீட்டிலேயே மெச்சினார்கள் சில பேர். அடுத்த பேச்சு கேட்டால் அவளுக்குத் தெரியாது என்பது எனக்குத்தான் தெரியும். நாலாம் நாள் ஐந்தாம் நாளில் அவள் முகமும் எலுவியாக்காவின் முகம் மாதிரியே ஆகிவிட்டது. மெழுகுவத்திக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தி சொல்லிச் சொல்லி மரத்துப்போனாள், ஒருத்தி கேட்டுக் கேட்டு.

ஒன்பதாம் நாள். கடைசி ஜெபம் முடிந்து எல்லாரும் காப்பிக் கோப்பையோடு இருக்கும்போது சக்காரியாஸ் உள்ளே வந்தான். நெஃப்தாலியோடு ஒன்றாகப் படித்தவன், என் கொய்யா மரத்தில் அவனுக்கு அடுத்த கிளையில் உட்கார்ந்திருந்தவன். கடற்கரைப் பக்கம் வேலைக்குப் போயிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் சேதி தெரிந்திருக்கிறது. நேராக எலுவியாக்காவிடம் போய்க் காலடியில் உட்கார்ந்தான். "என்னம்மா ஆச்சு அவனுக்கு? நீங்க சொல்லுங்கம்மா. என்ன ஆச்சு?"

வெர்னா வழக்கம்போல எழுந்தாள். எலுவியாக்கா கையை நீட்டி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"என் மகன்... நெஃப்தாலி... செத்துட்டான்," என்றாள். "ரெண்டு வருஷம்... ஆச்சு. ரோட்டுல... பனி. வண்டி... சறுக்கிருச்சு. அவன்... கஷ்டப்படல."

நான் வெர்னாவுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள். அதே வரிசை. சொல்லிவிட்டு அவள் சக்காரியாஸைப் பார்க்கவில்லை, வெர்னாவைத் திரும்பிப் பார்த்தாள். முதல் நாள் வருகிற ஸ்டூடண்ட் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, சரியா, தப்பா என்று என் முகத்தைப் பார்க்குமே, அந்தப் பார்வை.

வெர்னா அவள் கையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"நல்லா சொன்னீங்கம்மா," என்றாள்.

"இன்னொரு தரம் சொல்றேன்," என்றாள் எலுவியாக்கா. "என் மகன்..."

அதற்கு மேல் வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அப்புறம் கத்தினாள் பாருங்கள், புருஷன் ஓடிப்போன அன்றைக்குக் கத்தினாளே, அந்தக் கத்தல், தெருக்கோடி வரைக்கும். அவள் மடியில் காப்பி கொட்டிக்கொண்டிருந்தது, நான் போய்க் கோப்பையை வாங்கி வைத்தேன்.